விசாரணை முடிந்து 14 மாதம், தீர்ப்பைக் காணோம்: சுரங்கப் பங்கை இன்னும் வைத்திருப்பதா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னச் சுரங்க நிறுவனத்தின் பங்குகளை நான்கு வருடமாக வைத்திருக்கிறீர்கள். ஒரு நாட்டு அரசு அதன் உரிமத்தை ரத்து செய்துவிட்டது. நிறுவனம் இக்சிட் (ICSID) என்ற சர்வதேச நடுவர் அமைப்பில் 80 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. விசாரணை முடிந்து 14 மாதம் ஆகியும் தீர்ப்பு வரவில்லை. மொத்தம் 20 கோடி பங்குகள், விலை 15 சென்ட்டில் நிற்கிறது. "இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நாள் கணக்கு யாருக்கும் தெரியாது, நடுவர்களுக்கேகூட. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். 80 கோடி கேட்கிற கம்பெனியைச் சந்தை 3 கோடிக்கு மதிப்பிடுகிறதே, முட்டாள் சந்தையா, நானா? இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும்.

நான் வழக்கறிஞன் இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் குழுக்களில் பல வருடம் வேலை பார்த்தவன். சில வழக்குகளில் நிறுவனத்தின் பக்கம், சிலவற்றில் அரசின் பக்கம். சொந்தப் பணத்தையும் இரண்டு முறை இப்படிப் போட்டிருக்கிறேன், ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் ஆவணங்களை நான் பார்த்ததில்லை. அதனால் விற்கச் சொல்லவும் மாட்டேன், வைத்திருக்கச் சொல்லவும் மாட்டேன். எதை எங்கே பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் இந்த மௌனம். இக்சிட் என்பது உலக வங்கிக் குழுமத்தின் கீழ் வாஷிங்டனில் இயங்கும் அமைப்பு. வெளிநாட்டு முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையிலான தகராறுகளுக்காக 1966-இல் தொடங்கப்பட்டது. அங்கே நிரந்தர நீதிபதிகள் கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் பொதுவாக மூன்று நடுவர்களை நியமிக்கிறார்கள், பெரும்பாலும் மூவரும் வெவ்வேறு நாடுகளில் இருப்பார்கள், ஒவ்வொருவர் மேஜையிலும் வேறு வழக்குகளும் கிடக்கும். 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, நடவடிக்கைகள் முடிந்ததாகத் தீர்ப்பாயம் அறிவித்ததிலிருந்து 120 நாளில் தீர்ப்பு வர வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 60 நாள். இதைப் படித்துவிட்டுப் பலர் சாட்சி விசாரணையின் கடைசி நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். அது தப்பு. சாட்சி விசாரணை முடிவது வேறு, நடவடிக்கைகள் முடிந்ததாக அறிவிப்பது வேறு. தீர்ப்பு ஏறக்குறைய எழுதி முடிந்த பிறகுதான் அந்த அறிவிப்பையே போடுவது வழக்கம். 2022 ஜூலை 1-க்குப் பிறகு வந்த வழக்குகளுக்குப் புது விதி: கடைசி எழுத்து வாதமோ வாய்வாதமோ முடிந்ததிலிருந்து 240 நாள். அதுவும் முடிந்தவரை முயல வேண்டும் என்ற அளவில்தான். இக்சிட் இணையதளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் நடவடிக்கைப் பட்டியல் இருக்கிறது. உங்கள் வழக்கில் நடவடிக்கைகள் முடிந்ததாக அறிவிக்கும் அந்த ஒற்றை வரி விழுந்துவிட்டதா என்று பாருங்கள். கால அளவு பற்றி வெளியாளுக்குக் கிடைக்கிற உருப்படியான தகவல் அது ஒன்றுதான்.

தாமதத்திலிருந்து முடிவை ஊகிப்பது வீண் வேலை. ருமேனியாவின் ரோஷியா மொன்டானா தங்கச் சுரங்கத்துக்காக கேப்ரியல் ரிசோர்சஸ் என்ற கனடா நிறுவனம் 2015-இல் வழக்குப் போட்டது. கடைசிக் கட்ட விசாரணை 2020-இல் முடிந்தது. தீர்ப்பு வந்தது 2024 மார்ச்சில். இத்தனை நாள் எடுக்கிறார்கள் என்றால் பெரிய தொகையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பங்குதாரர்கள் பலர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் கோரிக்கை மொத்தமாகத் தள்ளுபடி, போதாததற்கு ருமேனியாவின் வழக்குச் செலவிலும் பங்கு கட்ட உத்தரவு. தாமதம் என்றாலே தோல்வி என்று இதைத் திருப்பிப் போடவும் முடியாது. மூவரில் ஒருவர் மாறுபட்ட கருத்து எழுதினாலே மாதக்கணக்கில் இழுக்கும். மௌனத்துக்கு அர்த்தம் கிடையாது, இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று.

அடுத்து அந்த 80 கோடி. அது உங்கள் தரப்பு நிபுணர் போட்ட எண். எதிர்த்தரப்பு நிபுணரும் ஓர் எண் போட்டிருப்பார், அது பெரும்பாலும் பூஜ்யமாகவோ, மிஞ்சிப்போனால் நிறுவனம் அதுவரை போட்ட செலவாகவோ இருக்கும். இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். ஒரு சுரங்கம் கட்ட இன்று 15 கோடி டாலர் ஆகும் என்று வையுங்கள். நான்காவது வருடத்திலிருந்து 15 வருடம், வருடத்துக்கு 5 கோடி வருமானம். எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருடத்துக்கு 8 சதவீதம் கழித்தால் சுமார் 34 கோடி வரும். கட்டுமானச் செலவு போக மிச்சம் 19 கோடி. அதே சுரங்கம், அதே தாது, அதே உலோக விலை. ஆனால் ஆபத்தான நாடு, அனுமதிகள் பாக்கி என்று சொல்லி 14 சதவீதம் கழித்தால் 21 கோடிக்கும் கொஞ்சம் கீழே வரும், மிச்சம் 6 கோடிகூட இல்லை. ஒரே ஒரு சதவீத எண்ணை மாற்றியதில் தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த எண் 8-ஆ 14-ஆ என்று நாங்கள் பல நாள் சண்டை போட்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் பொய் சொன்னது கிடையாது. இரண்டு எண்ணுக்குமே நியாயம் சொல்ல முடியும், சிக்கலே அங்கேதான்.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி. இந்த எதிர்கால வருமானக் கணக்கைத் தீர்ப்பாயம் ஏற்குமா, அல்லது போட்ட செலவை மட்டும் திருப்பிக் கொடுக்குமா? பெருவில் சாந்தா அனா வெள்ளித் திட்டத்தை இழந்த பேர் க்ரீக் நிறுவனம் சுமார் 52 கோடி டாலர் கேட்டது. 2017-இல் வழக்கை ஜெயித்தது, கிடைத்தது 1.82 கோடி. திட்டம் தொடங்கவே இல்லை, உள்ளூர் மக்களின் ஒப்புதலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம், ஆகவே எதிர்கால லாபம் வெறும் ஊகம் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. பொலிவியாவுக்கு எதிராக சவுத் அமெரிக்கன் சில்வர் கேட்டது 38 கோடிக்கு மேல், 2018-இல் வந்தது 1.87 கோடியும் வட்டியும். இதற்கு நேர் எதிராக பாகிஸ்தானின் ரெக்கோ டிக் வழக்கு. அங்கேயும் சுரங்கம் கட்டப்படவில்லை, ஆய்வுக்குச் செலவானது ஏறத்தாழ 22 கோடி டாலர். ஆனால் 2019 ஜூலையில் தெத்யான் காப்பர் நிறுவனத்துக்குக் கொடுக்கச் சொன்னது வட்டியோடு சேர்த்து 584 கோடி. அதன் பின்னால் பேரிக், அன்டோஃபகஸ்டா என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் இருந்தன, விரிவான சாத்தியக்கூறு அறிக்கையும் (சுரங்கம் லாபமாக நடக்குமா என்ற ஆய்வு) கையில் இருந்தது. உங்கள் நிறுவனம் இவற்றில் எந்த வழக்குக்குக் கிட்ட வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சாத்தியக்கூறு அறிக்கை முழுமையாக இருந்ததா? சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருந்ததா? அந்த நேரத்தில் சுரங்கம் கட்டப் பணம் தர யாராவது முன்வந்திருந்தார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் 80 கோடியை மறந்துவிட்டு, திட்டத்தில் இதுவரை போட்ட செலவு எவ்வளவு என்று பழைய ஆண்டறிக்கைகளைக் கூட்டிப் பாருங்கள். அடிமட்டக் கணக்கு அதுதான்.

தோற்கிற வாய்ப்பையும் நேராகப் பார்க்க வேண்டும். எல் சால்வடாரில் பசிபிக் ரிம் 2009-இல் போட்ட வழக்கு 2016-இல் தள்ளுபடியானது, எதிர்த்தரப்புக்கு 80 லட்சம் டாலர் கட்டவும் வேண்டியிருந்தது. இந்தோனேசிய நிலக்கரி உரிமங்களுக்காக வாதாடிய சர்ச்சில் மைனிங்கின் கதை இன்னும் மோசம். உரிமங்கள் போலி ஆவணங்கள் என்று முடிவாகி, 2016 டிசம்பரில் கோரிக்கையே ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட விசித்திரமானது கொலம்பியாவுக்கு எதிரான ஈக்கோ ஓரோ வழக்கு. சாந்துர்பான் மலையின் உயர்நிலப் பகுதியைப் பாதுகாக்கப் போட்ட தடையில் கொலம்பியா ஒப்பந்தத்தை மீறியது என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. பங்குதாரர்கள் கொண்டாடினார்கள். மூன்று வருடம் கழித்து 2024 ஜூலையில் தொகைக்கான தீர்ப்பு வந்தது. ஒரு டாலர் இல்லை. தப்பு நடந்திருக்கிறது, ஆனால் அதனால் இவ்வளவு நஷ்டம் என்பது நிரூபணமாகவில்லை என்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நிறுவனம் அறிக்கை விட்டால் அது பொறுப்பு பற்றிய தீர்ப்பா, தொகையும் சேர்ந்ததா என்று கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, ஜெயித்து நல்ல தொகையும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்? உங்கள் எண்களை வைத்தே கற்பனையாகப் போட்டுப் பார்க்கிறேன். தீர்ப்பு 20 கோடி டாலர். அரசு இழுத்தடிக்கும், கடைசியில் 30 சதவீதம் தள்ளுபடியில் 14 கோடிக்குச் சமரசம். வழக்குக்குப் பணம் போட்ட நிதி நிறுவனம் 1.2 கோடி போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் போட்டதில் மூன்று மடங்கு அல்லது வந்ததில் 30 சதவீதம், எது அதிகமோ அது. இங்கே 30 சதவீதம்தான் அதிகம், 4.2 கோடி. வழக்கறிஞர்களுக்கு வெற்றிக் கட்டணம் 1 கோடி. பல வருடம் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்த நிர்வாகத்துக்கு 5 சதவீதம், அதாவது 70 லட்சம். வரி, பழைய கடன் எல்லாம் சேர்த்து 90 லட்சம். மிச்சம் 6 கோடி. இதை 20 கோடிப் பங்கால் வகுக்கக் கூடாது. அதற்குள் புதிதாக வெளியிட்ட பங்குகள், நிர்வாகிகளின் ஆப்ஷன்கள் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) எல்லாம் சேர்ந்து 25 கோடி ஆகியிருக்கும். பங்குக்கு 24 சென்ட். 80 கோடியை 20 கோடிப் பங்கால் வகுத்து நீங்கள் மனதில் வைத்திருக்கும் 4 டாலர் எங்கே, இது எங்கே! ஜெயிப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் 24 சென்ட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 12 சென்ட், அதுவும் காத்திருக்கும் காலத்துக்குக் கழிக்காமல். பங்கு 15-இல் நிற்கிறது. சந்தை முட்டாள்தனமாக நடந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் நிறுவனத்தின் நிதி ஒப்பந்தம் இதைவிட நல்லதாக இருக்கலாம், படுமோசமாகவும் இருக்கலாம். ஆனால் கணக்குப் போகிற வழி இதுதான்.

காத்திருப்பது இலவசம் என்ற எண்ணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. தீர்ப்பு வந்தால் அன்றுவரை வட்டி சேரும் என்பது உண்மை. ஆனால் அதே காலத்தில் உங்கள் பங்கு கரைந்துகொண்டும் இருக்கும். க்ரிஸ்டலெக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். வெனிசுவேலாவின் லாஸ் கிரிஸ்தினாஸ் தங்கச் சுரங்கத்தை இழந்து 2011-இல் வழக்குப் போட்டது. அதே வருட டிசம்பரில் 10 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குத் தவணை வந்தது, கட்ட முடியவில்லை. கனடா நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக்குள் போனது. 2012-இல் டெனார் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் 3.6 கோடி டாலர் கடன் கொடுத்தது, பதிலுக்கு வழக்கில் வருவதில் 35 சதவீதம். அதற்குப் பிறகும் பணம் தேவைப்பட்டது, ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குச் சேர வேண்டிய சதவீதம் ஏறியது. 2016 ஏப்ரலில் 120 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு, வட்டி தனி. இந்தத் துறையில் அது பெரிய வெற்றி. ஆனால் 2011-இல் பொறுமையாக உட்கார்ந்த பங்குதாரருக்கு அந்த வெற்றியில் பாத்தியதை எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கணக்கு. டெனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் பணம் போட்டிருக்காவிட்டால் வழக்கைக் கடைசிவரை நடத்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

தீர்ப்புக்குப் பிறகு வசூல் என்று ஒரு தனிக் காண்டம் இருக்கிறது. இக்சிட் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி அரசு 120 நாளுக்குள் மனுப் போடலாம். காரணங்கள் குறுகியவை: தீர்ப்பாயம் முறையாக அமையவில்லை, அதிகார வரம்பை வெளிப்படையாக மீறியது, நடுவர் ஊழல் செய்தார், அடிப்படை நடைமுறை மீறப்பட்டது, காரணம் எழுதவில்லை. ரத்தாவது அரிது. ஆனால் ரத்து மனுவோடு நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கக் கேட்டால், அதற்கான குழு அமைந்து முடிவு சொல்லும்வரை தானாகவே நின்றுவிடும். இன்னும் ஒன்றிரண்டு வருடம் போச்சு. இக்சிட்டின் கூடுதல் வசதி விதிகளிலோ (ஒரு தரப்பின் நாடு இக்சிட் உறுப்பினராக இல்லாதபோது பயன்படுவது) ஐ.நா.வின் அன்சிட்ரால் விதிகளிலோ நடந்த வழக்கென்றால் ரத்துக் குழு இல்லை, நடுவர் மன்றம் சட்டப்படி எந்த ஊரில் அமைந்ததாகக் கருதப்படுகிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். வெனிசுவேலாவிடம் ரூசோரோ என்ற நிறுவனம் 2016-இல் 96 கோடிக்கு மேல் ஜெயித்தது. 2019 ஜனவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டுப் பகுதியை ரத்து செய்தது. 2021 மார்ச்சில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. ஐந்து வருடம் ஓடியும் கையில் காசு இல்லை.

அதே நாட்டிடம் கோல்டு ரிசர்வ் 2014-இல் 71.3 கோடி ஜெயித்தது. 2016-இல் சமரசம்: தீர்ப்புத் தொகையும் சுரங்கத் தரவுகளின் விலையும் சேர்த்து 100 கோடிக்கு மேல், தவணையில். 25 கோடி சொச்சம் வந்தது, அதோடு நின்றது. ஆனால் அந்த நிறுவனம் வந்ததில் ஒரு பகுதியை 2019-இல் பங்குக்கு 76 சென்ட் வீதம் பங்குதாரர்களிடம் திருப்பிக் கொடுத்தது. இந்த வேலையில் எனக்கு மரியாதை தோன்றிய சில முடிவுகளில் அது ஒன்று. க்ரிஸ்டலெக்ஸ் அமெரிக்காவில் டெலாவேர் நீதிமன்றத்துக்குப் போய், வெனிசுவேலாவின் எண்ணெய் நிறுவனமும் அரசும் ஒன்றுதான் என்று 2018-இல் நிரூபித்து, அந்த எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான, அமெரிக்காவில் இயங்கும் சிட்கோ என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் தாய் நிறுவனப் பங்குகளைப் பிடித்தது. 2019-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதன் பின்னும் அந்தப் பங்குகளை ஏலம் விடும் நடைமுறை வருடக்கணக்கில் ஓடியது. அரசுக்கு வெளிநாட்டில் வணிகச் சொத்து ஏதும் இல்லையென்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். தூதரகக் கட்டடத்தையும் மத்திய வங்கிக் கையிருப்பையும் தொட முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து ஓட வேண்டாம், நல்லபடி முடிந்தவையும் உண்டு. மங்கோலியா 2009-இல் கான் ரிசோர்சஸ் நிறுவனத்தின் யுரேனியம் உரிமங்களை ரத்து செய்தது. 2011-இல் வழக்கு, 2015 மார்ச்சில் 8 கோடி டாலரும் வட்டியும் தீர்ப்பு, 2016-இல் 7 கோடிக்குச் சமரசம், சில மாதத்தில் பணம் வந்தது, பங்குதாரர்களுக்குப் பிரித்தும் கொடுத்தார்கள். தான்சானியா 2018 ஜனவரி விதிகளால் ஒரு வகை சுரங்க உரிமத்தையே ஒழித்தது, மூன்று சின்ன நிறுவனங்கள் தனித்தனியே வழக்குப் போட்டன. வின்ஷியர் 2023 அக்டோபரில் 3 கோடிக்குச் சமரசமானது. இந்தியானா ரிசோர்சஸ் 2023 ஜூலையில் 10.95 கோடிக்குத் தீர்ப்பு வாங்கியது, தான்சானியா ரத்து மனுப் போட்டது, அது நிலுவையில் இருக்கும்போதே 2024-இல் மூன்று தவணையில் 9 கோடி என்று முடித்துக்கொண்டார்கள். மான்டெரோ அதே வருட நவம்பரில் 2.7 கோடி. இந்த நல்ல முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இது என் அபிப்பிராயம்தான், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொகை அந்த அரசால் கட்டக்கூடிய அளவில் இருந்து, அந்த அரசுக்குப் புதிய சுரங்க முதலீடும் தேவைப்பட்டால், பணம் வருகிறது. ரெக்கோ டிக்கிலும் 584 கோடியைப் பாகிஸ்தான் அப்படியே கட்டவில்லை. 2022-இல் பேரிக் பாதிப் பங்கோடு திட்டத்துக்குத் திரும்பியது, அன்டோஃபகஸ்டா 90 கோடியோடு விலகியது. பெரிய தீர்ப்பை விடச் சின்னத் தீர்ப்பு சீக்கிரம் காசாகும்.

நான் கையைச் சுட்டுக்கொண்ட கதைக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வழக்கு ஜெயித்து அறிக்கை வந்த காலை, பங்கு இரட்டிப்பானது. தொகையைப் பங்குகளால் வகுத்துப் பார்த்தேன், இன்னும் மூன்று மடங்கு போகும் என்று தெரிந்தது, விற்கவில்லை. சேதக் கணக்கே என் தொழில், ஆனால் நிதிநிலை அறிக்கையின் பின்பக்கக் குறிப்பு ஒன்றைப் படிக்காமல் விட்டிருந்தேன். வழக்குக்குப் பணம் போட்டவர்களின் மடங்கு ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு படி ஏறும் என்று அதில் எழுதியிருந்தது. அரசு ரத்து மனுப் போட்டது. அதை எதிர்க்கப் பணம் தேவை, நிறுவனம் சந்தை விலைக்குக் கீழே புதுப் பங்கு வெளியிட்டது. பதினெட்டு மாதம் கழித்து, தீர்ப்புக்கு முந்தைய நாள் விலையைவிடக் குறைவாக விற்றேன். வழக்கு ஜெயித்து நான் நஷ்டப்பட்டேன்.

ஆகவே உங்களிடம் இப்போது செய்யச் சொல்வது கொஞ்சம் சலிப்பான வேலை. கடைசி நான்கு காலாண்டு அறிக்கைகளை எடுங்கள். கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். விசாரணை முடிந்ததால் பெரிய செலவு ஓய்ந்திருக்க வேண்டும், அந்த வகையில் இந்த 14 மாதம் உங்களுக்குச் சாதகம். அப்படி இருந்தும் செலவு குறையவில்லையென்றால் பணம் வழக்குக்குப் போகவில்லை, வேறெங்கோ போகிறது. மொத்தப் பங்கு எண்ணிக்கை நான்கு வருடம் முன்பு எவ்வளவு, இன்று எவ்வளவு? நிதி ஒப்பந்தத்தில் தோற்றால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று இருக்கிறதா? ரத்து நடவடிக்கைக்கும் வசூலுக்கும் சேர்த்தா பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், தீர்ப்போடு நின்றுவிடுகிறதா? பணம் வந்தால் பங்குதாரருக்குப் பிரிப்போம் என்று இயக்குநர் குழு எங்காவது எழுத்தில் சொல்லியிருக்கிறதா, அல்லது அடுத்த சுரங்கம் வாங்குவோம் என்று பேசுகிறதா? பொலிவியா வழக்கை நடத்திய நிறுவனம் இதை நேர்மையாகவே கையாண்டது. பிறகு ட்ரைமெட்டல்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி, வழக்கில் வரும் நிகரத் தொகையில் 85 சதவீதம் போய்ச் சேரும் தனி வகைப் பங்கையே வெளியிட்டு வைத்தது. தொகை சின்னதாக முடிந்தது வேறு விஷயம், யாருக்கு எவ்வளவு என்பதில் குழப்பம் இல்லை.

விலை 10 சென்ட்டுக்கு இறங்கினால் தானாக விற்கும்படி ஆர்டர் போட்டு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது இங்கே பாதுகாப்பு இல்லை. தீர்ப்பு நிறுவனத்தின் கைக்கு வந்ததும் வர்த்தகத்தை நிறுத்திவைத்து, அறிக்கை விட்டு, அப்புறம்தான் மறுபடி திறப்பார்கள். தோல்வி என்றால் 15 சென்ட்டில் மூடியது 2 சென்ட்டில் திறக்கும், நடுவில் 10 என்ற விலையே இருக்காது. எனவே அன்றைக்கு மொத்தமும் போனால் உங்களால் தாங்க முடிகிற அளவு எவ்வளவோ அதை மட்டும் வைத்திருப்பது பற்றி, வர்த்தகம் திறந்திருக்கும் ஒரு சாதாரண நாளில் முடிவெடுங்கள். மேலே போட்ட கணக்கில் உங்கள் நிறுவனத்தின் உண்மையான எண்களைப் போட்டு 24-க்குப் பதில் 60 சென்ட் வந்தால், வைத்திருக்க நியாயம் உண்டு. 16 வந்தால் கிடையாது.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒரு சில்லறை விஷயம். இப்படி வழக்கை நம்பி நிற்கும் நிறுவனங்கள் நடுவில் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவது உண்டு, க்ரிஸ்டலெக்ஸுக்கும் அது நடந்தது. பணம் பிரிக்கும்போது குறிப்பிட்ட பதிவு நாளில் யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் போகும். தரகர் வழியாக வைத்திருந்தால், பட்டியல் நீங்கிய பிறகும் அந்தப் பங்கை உங்கள் கணக்கில் காட்டுவார்களா, பிரிப்புத் தொகையை வாங்கித் தருவார்களா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறியிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.